அனுமதி பெற்றது என்று அச்சடித்தோம்

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு, மக்கள் தொடர்புப் பிரிவில் நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாளாம். வெள்ளிவிழா மலர் போடுகிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றாள். "இனிமையான அனுபவங்களா இருந்தா நல்லாருக்குமுங்க மேடம். கூட ஒரு போட்டோவும் அனுப்பிருங்க."

மரியாதையான பெண். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த வேலையைச் செய்கிறாள். நானும் அப்படித்தான் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இது இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் வராது என்பதும் தெரியும். மலர்க் குழுவுக்குத் தலைவர் யார் என்று அவளிடம் கேட்டேன். முன்னாள் பதிவாளர், இப்போது இணைத் துணைவேந்தர் என்றாள். அதைக் கேட்டபிறகுதான் எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் பெயர் ஜெயராணி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தவர். வேலம்பாளையத்தில் வரிசை வீடு ஒன்றில் வளர்ந்தேன். எம்.ஏ. தமிழும் தட்டச்சில் ஹையரும் முடித்து, அப்போதுதான் பல்கலைக்கழகமாக மாறியிருந்த அந்தக் கல்வி நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆறு மாதம் வேலை பழக்கினார். விருந்தினரின் இனிஷியலை மூன்று முறை சரிபார்ப்பது, குத்துவிளக்கு ஏற்றும்போது மேடை மின்விசிறியை அணைக்க ஓர் ஆளை நிறுத்துவது, நான்கு மணிக்குள் செய்திக்குறிப்பைப் பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்புவது, படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுவது. வேலை இவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

வேலையின் உண்மையான பகுதி கோப்பில் இருந்தது. துண்டறிக்கையோ அழைப்பிதழோ எதுவானாலும் முதலில் நான் இரட்டை இடைவெளி விட்டு வரைவு அடிக்க வேண்டும். அது குறிப்புத் தாளோடு சேர்ந்து பதிவாளர் மேசைக்குப் போகும். அவர் திருத்துவார். திருத்தத்தைச் சேர்த்து நான் செம்மைப் பிரதி எடுப்பேன். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையது.

பதிவாளர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். யாராவது அழுதால் தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார். அவர் சட்டைப் பையில் தங்கமூடி போட்ட மைப்பேனா ஒன்றும் கூராகச் சீவிய பென்சில் ஒன்றும் இருக்கும். வரைவைத் திருத்துவது எப்போதும் பென்சிலால்தான். குறிப்புத் தாளில் மைப்பேனாவால் ஒரே ஒரு சொல் எழுதுவார்: 'பார்த்தேன்'. ஒப்புதல் என்று எழுதமாட்டார், அனுமதிக்கிறேன் என்று எழுதமாட்டார். செம்மைப் பிரதி எடுத்த பிறகு கண்காணிப்பாளர் ரப்பர் வைத்து வரைவிலிருக்கும் பென்சிலை அழித்துவிட்டுத்தான் கோப்பில் சேர்ப்பார். "ஃபைலு சுத்தமா இருக்கோணுமுங்க" என்பது பதிவாளரின் வாக்கு. எனக்கு அது ஒழுங்காகத்தான் பட்டது. சுத்தத்தை யார் குறை சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு என்னுடைய யோசனை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனிகளில் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவர்கள் நிறைய. வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒருநாள். அந்த நாளில் வகுப்பு வைத்து மூன்று வருடத்தில் ஒரு பி.எஸ்சி. கொடுத்தால் என்ன என்று நான்தான் குறிப்பு எழுதிப் போட்டேன். பதிவாளர் படித்துவிட்டு, "ரொம்ப நல்ல விசயமுங்க மேடம்," என்றார். 'பார்த்தேன்' என்று எழுதினார்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் நடக்கிற பட்டப்படிப்புக்கு மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் போயிருந்தது. துண்டறிக்கை வரைவில் நான் எழுதிய வரி இது: 'இப்படிப்புக்கு அனுமதி கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது.' வரைவு திரும்பி வந்தபோது 'கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்பதன்மேல் மெல்லிய கோடு. பக்கத்தில் பென்சிலில் 'பெற்றது'.

வரைவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "அனுமதிக் கடிதம் வந்துருச்சுங்களா சார்? எண்ணும் தேதியும் போடணும்."

"வந்துருமுங்க மேடம். இந்த வாரத்துல வந்துரும். விண்ணப்பிச்சிருக்கோம்னு போட்டா யாருங்க வந்து சேருவாங்க? நீங்க அச்சுக்குக் குடுத்துருங்க."

"வந்ததுக்கப்புறம் அடிக்கலாங்களா சார்?"

"அட்மிசன் முடிஞ்சுருமுங்களே." சிரித்தார். "உங்க யோசனை மேடம். உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

அந்த இடத்தில் விழுந்தேன். என் யோசனை நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இந்த வாரம் வந்துவிடும் என்று நானும் நம்ப விரும்பினேன். புரூஃபின் ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் துண்டறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக நானே போனேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் கேட்டுக்கு வெளியே நிற்பேன். தூக்குவாளியும் கையுமாக வருகிறவர்களிடம் நோட்டீசைக் கொடுத்துப் பேசுவேன். முத்துலட்சுமியைப் பார்த்தது அப்படித்தான். தைத்த பீஸ்களை எண்ணிச் சரிபார்க்கிற செக்கிங் பிரிவில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. அப்போது இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள், கணவர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நோட்டீசை வாங்கி மேலிருந்து கீழ்வரை நின்ற இடத்திலேயே படித்தாள். மற்றவர்கள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

"இது அரசாங்க வேலைக்குச் செல்லும்லா மேடம்?" என்று கேட்டாள்.

"செல்லும். பாருங்க, அனுமதி பெற்றதுன்னு போட்டிருக்கு."

"நீங்களும் எங்க பக்கந்தானாம்லா? வாட்ச்மேன் சொன்னாரு. அப்பம் சேர்ந்துருதேன்."

முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு ஏழாவது நாள் வந்து பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் உட்காருவதே சுகமாக இருக்கும், தூங்கிவிடுவார்கள். சரக்கு ஏற்றுமதியாகிற ஷிப்மென்ட் வாரம் என்றால் பாதிப் பேர் வரமுடியாது. வந்தவர்கள் நோட்டை வராதவர்களுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். முத்துலட்சுமி மூன்று வருடத்தில் தவறவிட்டது நான்கு ஞாயிறுகள்தான். இரண்டு பிரசவத்தில் போன ஞாபகசக்தி திரும்பி வருகிறது என்று ஒருமுறை சிரித்தபடி சொன்னாள்.

பல்கலைக்கழகம் அவர்களை எப்படி நடத்தியது என்பதையும் சொல்கிறேன். யாராவது பெரிய விருந்தினர் வந்தால் அந்த ஞாயிறு பாடம் இருக்காது. சேலை கட்டி வரச்சொல்லி எல்லாரையும் முன்வரிசையில் உட்காரவைப்போம். அந்த உத்தரவை அனுப்புவதும் நான்தான். இரண்டாம் வருடம் முத்துலட்சுமி புத்தகத்தோடு நிற்கிற படம் ஒன்றைப் பல்லடம் சாலையில் பெரிய போர்டாக வைத்தோம். 'பீஸ் எண்ணிய கைகளில் பட்டம்!' என்ற வாசகம் என் கைவண்ணம். அதற்காகப் பாராட்டு வாங்கினேன்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிறு படிப்புக்குப் புதிய சேர்க்கை இல்லை, 'மறுசீரமைப்பு' என்று ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார்.

"அனுமதி என்னங்க சார் ஆச்சு?"

"அது திரும்பி வந்துருச்சுங்க. மறுபடி போட்டிருக்கோம்."

"அப்ப இப்பப் படிக்கிறவங்க?"

"அதெல்லாம் நீங்க மனசுல போட்டுக்காதீங்க மேடம். பி.பி. ஏறிக்கும். அவிங்க என்ன கலெக்டராவா போகப்போறாங்க? பட்டம் வாங்குனா ஒரு சந்தோசம். வாங்கிட்டுப் போகட்டுமுங்க."

இந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. கேட்டுவிட்டு என்ன செய்தேன் என்பதையும் மறக்கவில்லை. என் அறைக்குத் திரும்பி வந்து 'மறுசீரமைப்பு' அறிவிப்பை அடித்தேன். எனக்கு ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். காரணம் தேடினால் யாருக்கும் கிடைக்கும்.

அடுத்த வருடம் பட்டமளிப்பு விழா. பெயர் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. முந்தின நாள் ஒத்திகையிலேயே ஒவ்வொருவரிடமும் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். மேடைக்கு இடப்பக்கம் நின்று பெயரைச் சொல்ல வேண்டும், அவர்கள் ஏழடி நடந்து வந்து குனிந்து வாங்க வேண்டும், படம் எடுக்க இரண்டு விநாடி, வலப்பக்கம் இறங்க வேண்டும். ஞாயிறு வகுப்பில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் இருபத்தாறு பேர். இருபத்தாறு பெயரையும் வாசித்தேன். முத்துலட்சுமியின் இரண்டு பிள்ளைகளும் பின்வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்கள். என் குரல் தடுமாறவில்லை. அவ்வளவு பயிற்சி எனக்கு.

பிறகு ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. போர்டு அப்படியே இருந்தது. இதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் முத்துலட்சுமி என் அறை வாசலில் நின்றாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். எங்களிடம் சொல்லவே இல்லை. கிடைத்த பிறகு இனிப்போடு வந்து சொல்லலாம் என்று இருந்தாளாம். சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் அதிகாரி பட்டத்தைப் பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு அனுமதி ஆணை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"பத்து நாள் டயம் குடுத்திருக்காவ மேடம். ஆணையோட காப்பி ஒண்ணு கொண்டாந்தாப் போதுமாம். நீங்க எடுத்துத் தந்துருங்க. இன்னைக்கே தந்தா நாளைக்குக் காலைல பஸ் ஏறிருவேன்."

என் முன்னால் உட்கார்ந்து அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்கிறாள். இல்லாத ஒரு காகிதத்தைக் கேட்கிறாள். "நாளைக்கு வாங்க முத்துலட்சுமி. ஃபைலைத் தேடி எடுக்கணும்," என்றேன். பத்து நாளில் ஒருநாளை அந்தப் பொய்யில் தின்றேன்.

பதிவாளரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சமும் பதறவில்லை. "கூட்டிட்டு வாங்க மேடம். நானே பேசறேனுங்க."

மறுநாள் அவள் வந்தபோது டீயும் முறுக்கும் வரவழைத்தார். "சாப்பிடு கண்ணு. பரீட்சை பாஸ் பண்ணுனது எங்களுக்கெல்லாம் பெருமை," என்றார். பிறகு மெதுவாக, "அனுமதி புராசஸ்ல இருக்குது கண்ணு. அதைச் சேரும்போதே சொல்லித்தானே சேர்த்தோம்?"

முத்துலட்சுமி டீயைத் தொடவில்லை. கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்து மேசையில் வைத்தாள். கேட்டில் நான் கொடுத்த அதே நோட்டீஸ். நாலாக மடித்துப் பழுப்பேறியிருந்தது. "அனுமதி பெற்றதுன்னு போட்டிருக்குல்லா சார்?"

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நிதானமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மேடம்... இப்படியா அடிச்சிருக்கோம்?"

இருபது வருடத்துக்கும் மேலாக அவரோடு வேலை பார்த்தவள் நான். அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியம் நடிப்பு என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். கோப்பில் பென்சில் இல்லை. ரப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது. புரூஃபில் இருப்பது என் கையெழுத்து.

"ஆமாங்க சார். அப்படித்தான் அடிச்சோம்," என்றேன். அதற்குமேல் சொல்ல அந்த அறையில் எனக்குத் தைரியம் வரவில்லை. முத்துலட்சுமி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாங்க பார்த்து ஒரு வழி பண்றோம் கண்ணு. நம்ம லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனுக்கு ஆள் தேவைப்படுது. யோசிச்சுச் சொல்லு," என்றார் பதிவாளர்.

"எனக்கு வார்டன் வேலை வேண்டாம் சார். ஆணையோட காப்பிதான் வேணும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது.

கதவு மூடியதும் அவர் முறுக்கு ஒன்றை எடுத்து ஒடித்தார். "மேடம், ஒரு சின்ன விசயமுங்க. அதுல அச்சுப் பிழை ஆயிருக்குதுங்க. 'அனுமதி கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'ன்னு நீங்க முதல்ல எழுதுனீங்கல்ல, அதுதானுங்க சரி. அந்த வாசகத்தோட ஒரு ஐம்பது காப்பி அடிச்சு ஃபைல்ல வெச்சிருங்க. பழைய மாசம், பழைய வருசமே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நம்ம நோட்டீசு இதுதான், அந்தப் பொண்ணு கையில இருக்கறது புரூஃப் காப்பி, தெரியாம வெளிய போயிருச்சுன்னு சொல்லிக்கலாமுங்க."

நான் எழுதிய வரி. அன்று அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அடித்துவிட்டுப் பொய்யை எழுதினார். இன்று பழைய தேதி போட்டு அதே வரியை அச்சடித்தால் அது பொய். இப்போது அந்தப் பொய்தான் அவருக்குத் தேவைப்படுகிறது. இருபத்திரண்டு வருட வேலையில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு நிமிடம்தான். ஆனாலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சரிங்க சார்."

அச்சகத்துக்குப் போனேன். எங்கள் அச்சு வேலையெல்லாம் பார்க்கிறவர் பஷீர் பாய். மெஷின் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். அச்சகத்தில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாதிரியும் கையெழுத்துப் போட்ட புரூஃபும் சேர்த்துத் தைத்து வைப்பார். அந்தத் துண்டறிக்கையைப் பிரித்துக் காட்டினார். ஓரத்தில் என் எழுத்து: அச்சிடலாம்.

"எனக்கு மெஷின் ஓட்டறதுதான் வேலைங்க மேடம். நீங்க அடிங்கன்னா அடிக்கணும். ஆனா பழைய தேதி போட்டு அடிக்கச் சொல்றீங்க. அதை அப்படியே உங்க வாயால ஒருதரம் சொல்லிருங்க. அப்புறம் அடிச்சுத் தர்றேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. "இந்த மாதிரிக்கும் புரூஃபுக்கும் நகல் எடுத்துக் குடுக்கறீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"அதுல உங்க கையெழுத்துதானுங்களே இருக்குது?"

"அதனாலதான்."

வீட்டுக்குப் போய் இரண்டு பக்கம் எழுதினேன். தட்டச்சு இல்லை, மைப்பேனாவில். வரைவில் நான் எழுதியது என்ன, பென்சிலில் யார் என்ன மாற்றினார், அனுமதி இல்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபிறகு நான் யாரிடமும் சொல்லாமல் பட்டமளிப்பு மேடையில் பெயர் வாசித்தது, இப்போது பழைய தேதியில் அச்சடிக்கச் சொன்னது. எல்லாம். கீழே முழுப்பெயர், பதவி, கையெழுத்து.

மறுநாள் மதியம் முதலிபாளையம் கேட்டுக்கு வெளியே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்தது. முத்துலட்சுமி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். ஆணை கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"ஆணை இல்ல முத்துலட்சுமி. எப்பவுமே இருந்ததில்ல," என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தேன்.

நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ்வரை படித்தாள். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள். அழவில்லை.

"அப்பம் மேடையில என் பேரை வாசிக்கும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எம் பிள்ளைய ரெண்டும் நாற்காலில ஏறி நின்னு கை தட்டுச்சே. அதையும் பாத்திய."

"பார்த்தேன்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"மொதல்ல அந்த போர்டுல இருந்து எம் மூஞ்சிய எடுங்க மேடம்," என்றாள். "டெய்லி அதைப் பாத்துட்டுத்தான் வேலைக்கு வாரேன். இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அது இருக்கக் கூடாது." கடிதத்தை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டாளா என்று தெரியாது.

போர்டுக்காரருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, பதிவாளர் சொல்ல வேண்டும் என்றார். நான் சொல்கிறேன், எழுதியும் தருகிறேன், நாலு மணிக்குள் இறக்குங்கள் என்றேன். சாலையோரம் நின்று அவர்கள் கிழித்து இறக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் திரும்பினேன். யாருடைய பென்சிலும் இல்லாமல் நான் செய்த முதல் காரியம் அது.

பதிவாளரிடம் போய், "அந்த நோட்டீஸ் அடிக்கலைங்க சார். அடிக்கமாட்டேன்," என்று சொன்னேன். கடிதம் கொடுத்ததையும் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு உடம்பு சரியில்லை போலிருக்குதுங்க மேடம். லீவு எடுத்துக்கங்களேன்."

முத்துலட்சுமிக்குக் கொடுத்த பத்து நாள் முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. என் கடிதத்தை வைத்து அவளும் இன்னும் ஆறு பேரும் மேலிடத்துக்குப் புகார் கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது. இன்றுவரை அதுதான் பதில். பல்கலைக்கழகம் தன் விளக்கத்தில் 'ஓர் ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட அச்சுப் பிழை' என்று எழுதியது. வாக்கியத்தைப் பார்த்ததும் தெரிந்தது, என் இடத்தில் புதிதாக வந்தவர் எழுதியது. பிழையில்லாத தமிழ். எனக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். பதில் எழுதினேன். விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசிப் பதினான்கு மாதம் பழைய விடைத்தாள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்குப் பிரிவு உபசார விழா நடத்தியவள் நான். எனக்கு நடக்கவில்லை. அதில் வருத்தமில்லை. பதிவாளர் பொன்னாடை போர்த்தி நான் நின்றிருந்தால்தான் கேவலம்.

ஓய்வுபெற்ற பிறகு முத்துலட்சுமியைப் பார்க்கப் போனேன். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல்வழியில் முதல் வருடத்திலிருந்து மறுபடி சேர்ந்திருந்தாள். படித்த அதே பாடங்களை மறுபடி படிக்கிறாள். நான் ஏதாவது உதவி செய்யட்டுமா, பாடம் சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மேடம். எனக்கு நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்." புத்தகத்தை மூடி வைத்தாள். "எங்க ஏழு பேருக்குத்தான் விசயம் தெரியும். மத்த பத்தொம்பது பேரும் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காவ. என்னைக்காவது எங்கயாவது கொண்டுபோய்க் குடுத்து அசிங்கப்படுவாவ, என்னைய மாதிரி. கேட்டுல நின்னு கூட்டிட்டு வந்தது நீங்கதான? நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒவ்வொரு ஆளா, நேர்ல."

என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். சிலர் கம்பெனி மாறியிருக்கிறார்கள், வீடு மாறியிருக்கிறார்கள், ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்கூட ஆகிறது. ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டாள். ஒருவர் நான் பொய் சொல்கிறேன், பல்கலைக்கழகத்தோடு எனக்குச் சண்டை, அதனால் இப்படிக் கிளப்பிவிடுகிறேன் என்றார். பொய்யை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு ஆள்கூட என்னைச் சந்தேகப்படவில்லை.

போன ஞாயிறு சாமளாபுரம் போனேன். கதிர்வேல் வீடு. அப்பாவுக்கு விசைத்தறி, இவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். போன தை மாதம்தான் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சொல்ல வந்ததைச் சொன்னேன். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம். உள்ள அவ இருக்கா." அவர் கையிலிருந்த பத்திரிகையை டி.வி.க்குப் பின்னால் செருகினார். "அவிங்க அப்பா டிகிரி மாப்பிள்ளைதான் வேணும்னு சொன்னாருங்க."

தெருமுனைவரை என்னோடு வந்தார். தறிச் சத்தம் எங்களைப் பேசவிடவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகு, "நாங்க படிச்சது நெசந்தானுங்களே மேடம்?" என்று கேட்டார்.

"நெசம். நீங்க படிச்சதும் எழுதினதும் பாஸ் ஆனதும் நெசம். நாங்கதான் பொய்."

"அந்தப் பதிவாளர் இப்ப எங்கீங்க இருக்காரு?"

சொன்னேன். இணைத் துணைவேந்தர், வெள்ளிவிழா மலர்க் குழுத் தலைவர். அன்று முத்துலட்சுமிக்கு டீ வரவழைத்துப் பேசியதையும் சொன்னேன். கதிர்வேல் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குரல் உயரவில்லை.

"இன்னும் எத்தனை பேருகிட்டச் சொல்லோணுமுங்க?"

"ஒன்பது பேர்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை யாரு ஊட்டுக்குப் போறீங்க?"

"வேலம்பாளையம். சாந்தாமணி."

"நானும் வர்றேனுங்க. நீங்க மட்டும் போய்ச் சொன்னா அந்தப் புள்ள நம்பாது. எங்கூடத்தான் பக்கத்து பெஞ்சுல உக்காந்துச்சு." பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "ஒன்பது பேரும் முடியட்டுமுங்க மேடம். அப்புறம் இருபத்தாறு பேரும் ஒண்ணாப் போயி அவரு ரூமு முன்னாடி உக்காரலாமுங்க. டீ குடுத்தாக் குடிக்க வேண்டாம்."